ரோபோ அறுவை செய்தால் சிறுநீர் கசியவே கசியாதா?
புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. "புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ அறுவை செய்தால் சிறுநீர் கசியாது, கசிந்தால் டாக்டர் சொதப்பிவிட்டார்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. ரோபோவை இயக்குவதே மருத்துவர்தான். எந்த முறையில் புராஸ்டேட்டை எடுத்தாலும் சிறுநீரை அடக்கும் தசையில் ஒரு பகுதி பாதிக்கப்படும், மீதித் தசைதான் முழு வேலையையும் பழக வேண்டும். அதனால் அறுவையின்போது சிறுநீர் வெளியேற வைத்த டியூபை எடுத்த புதிதில் இருமினால், தும்மினால், நாற்காலியை விட்டு எழுந்தால்கூடக் கசிவது சகஜம். பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 12 மாதங்களில் நன்றாகக் குறைந்துவிடும். டியூபை எடுத்த பிறகு, வாயு பிரியாமல் அடக்குவதுபோல் இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும். கசிவுக்குப் பயந்து தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். அப்புறம், சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சலோ சிறுநீரில் ரத்தக்கட்டியோ வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வருடம் கழித்தும் நிற்கவில்லையா? செயற்கைச் சுருக்குத்தசை, அதாவது சிறுநீரை அடக்கும் தசையின் வேலையைச் செய்யும் கருவி பொருத்தும் சிகிச்சை இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.