மோனா லிசா என்ற பெயரில் எகிப்தியத் தெய்வங்கள் ஒளிந்திருக்கவில்லை

‘மோனா லிசா’வின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ஆமோன், ஐசிஸ் என்னும் எகிப்தியத் தெய்வங்களின் பெயர்கள் கிடைக்கும் என்றும், லியொனார்டோ டா வின்சி வேண்டுமென்றே இப்பெயரைச் சூட்டினார் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இது தவறு.

‘மோனா’ பெயரே அன்று. ‘என் தலைவி’ என்று பொருள்படும் ‘மதோன்னா’ சுருங்கி ‘மொன்னா’ ஆயிற்று. நம் ‘திருமதி’யைப் போன்ற மரியாதைச் சொல் அது. இத்தாலியர் இதை இரட்டை ‘ன’கரத்துடன் எழுதுவதால், அந்த எழுத்து விளையாட்டு அவர்கள் மொழியில் தொடக்கத்திலேயே உடைந்துவிடுகிறது. ‘லிசா’ என்பது எலிசபெத்தா என்பதன் குறுக்கம். ‘கடவுளே என் ஆணை’ என்னும் பொருளுடைய எலிஷேவா என்ற எபிரேயப் பெயரிலிருந்து, விவிலியத்தின் வழியே இத்தாலிக்கு வந்தது.

ஓவியத்தில் இருப்பவர் 1479-இல் பிளாரன்சில் பிறந்து, பட்டு வணிகர் பிரான்செஸ்கோ தெல் ஜொகோந்தோவை மணந்த லிசா கெரார்தினி. அப்பெயரை வைத்தவர்கள் பெற்றோர், ஓவியர் அல்லர். 1503 அக்டோபரில் அகோஸ்தினோ வெஸ்புச்சி என்ற பிளாரன்ஸ் அலுவலர், தம்மிடமிருந்த, பண்டைய ரோமானிய அறிஞர் சிசரோவின் நூல் ஒன்றின் ஓரத்தில், லியொனார்டோ லிசா தெல் ஜொகோந்தோவின் உருவத்தை வரைந்துகொண்டிருப்பதாகக் குறித்துவைத்தார். அக்குறிப்பை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் சரிபார்க்கலாம். 1550-இல் வெளிவந்த, இத்தாலிய ஓவியரும் எழுத்தாளருமான வசாரியின் ஓவியர் வரலாறும் அவரை ‘மொன்னா லிசா’ என்றே சுட்டுகிறது. இத்தாலியரோ பெரும்பாலும் அவ்வோவியத்தை ‘லா ஜொகோந்தா’ என்றே அழைக்கின்றனர்!

அச்செய்தி உங்களுக்கு வந்தால், அருள்கூர்ந்து மேலும் பகிராதீர்கள்.