அந்தத் தூரத்தை யார் அளந்தது?
ஒரு கோளின் சுற்றுக்காலமும், விண்மீனிலிருந்து அதன் தூரமும் தெரிந்தால் அந்த விண்மீனின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சூத்திரம் சரி, ஆனால் அந்தத் தூரத்தை யார் அளந்தது? போன வாரம் அல்சூர் வீட்டில் பதினொன்றாம் வகுப்பு மகளுக்குக் கெப்ளரின் மூன்றாம் விதி சொல்லிக்கொடுத்தேன்: தூரத்தின் கனத்தைச் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், நடுவில் இருக்கும் விண்மீனின் நிறை. தூரம் வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்), காலம் ஆண்டில், விடை சூரிய நிறையில். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வியாழன்: 5.2-இன் கனம் 140.6, 11.86-இன் வர்க்கம் 140.7, வகுத்தால் ஒரு சூரியன். குஷியாகிவிட்டாள். அப்புறம் 1995-இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் அறிவித்த 51 பெகாசி பி, அதாவது 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோள். சுற்றுக்காலம் 4.23 நாள், தூரம் 0.053 வானியல் அலகு, விடை 1.1 சூரியன். "இந்த 0.053 எப்படிப்பா தெரியும்?" என்றாள். மாட்டிக்கொண்டேன். அந்தக் கோளைத் தனியாகப் பார்த்து யாரும் தூரம் அளக்கவில்லை. விண்மீனின் ஒளியை ஆராய்ந்து நிறையை மதிப்பிட்டு, அதை வைத்துத்தான் தூரமே போட்டார்கள். நாம் கொடுத்த காசையே திருப்பி வாங்கிக்கொண்டு லாபம் என்பது போல. கோள் விண்மீனுக்குக் குறுக்கே கடப்பதைக் கவனித்தால் போதும் என்று அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதில் கிடைப்பது தூரத்துக்கும் விண்மீனின் ஆரத்துக்கும் உள்ள விகிதம். அதிலிருந்து விண்மீனின் சராசரி அடர்த்தி வரும், நிறை வராது. பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீனைப் போல, கோளையே படமெடுத்து அது நகர்வதை வருடக்கணக்கில் தொடர முடிந்த இடத்தில் கட்டுரை சொல்வது செல்லும். அங்கேயும், படத்தில் தெரியும் இடைவெளியை உண்மையான தூரமாக மாற்ற, நம்மிடமிருந்து அந்த விண்மீன் சுமார் 63 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.