மாம் ருவோக் இல்லாமல் புன் போ ஹுவேயா?

வியட்நாம் சாப்பாடு என்றாலே எல்லோரும் ஃபோவைத்தான் சொல்கிறார்கள். ஃபோ அருமையான சூப், அதில் சண்டையில்லை. ஆனால் என் ஓட்டு புன் போ ஹுவேக்குத்தான். 1802 முதல் 1945 வரை நுயென் மன்னர்களின் தலைநகராக இருந்த ஹுவே நகரத்தின் காலைச் சாப்பாடான நூடுல்ஸ் சூப் அது.

மாட்டெலும்பு, மாட்டின் கால்கறி, பன்றிக்கால் மூன்றையும் மணிக்கணக்கில் கொதிக்க விடுவார்கள். எலுமிச்சைப்புல் தண்டை நசுக்கிக் கட்டாகக் கட்டி உள்ளே போடுவார்கள். ஃபோவில் முன்னால் நிற்கும் அன்னாசிப்பூவும் பட்டையும் இங்கே தேவையே இல்லை. மேலே சிவப்பாக மிதக்கும் எண்ணெயைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். அந்த நிறம் பெரும்பாலும் அன்னாட்டோ விதையிலிருந்து வருவது, அதில் காரம் கிடையாது. காரத்துக்கு மிளகாயும் எலுமிச்சைப்புல்லும் வதக்கிய விழுது தனியாக உண்டு.

ஆனால் சூப்பின் உயிர் மாம் ருவோக்தான். பொடிக் கூனி இறாலை உப்பு சேர்த்து நொதிக்க வைத்த விழுது அது. அப்படியே அள்ளிப் பானையில் போட்டால் கெட்டது. தண்ணீரில் கரைத்து, கசடு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க நாற்றம் அடங்கி, கறியின் ருசியையே தூக்கிக் கொடுக்கும். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு உணவகங்கள் பலவும் முதலில் கைவிடுவது இதைத்தான். வாடிக்கையாளர் மூக்கைப் பிடிப்பார் என்ற பயம். அப்புறம் சூப்பில் போடும், உறையவைத்த பன்றி ரத்தத் துண்டும் காணாமல் போகிறது. தடித்த உருண்டை அரிசி நூடுல்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஃபோவின் தட்டை நூடுல்ஸ் வந்து உட்காருகிறது. சரி, விற்கட்டும். அதற்கு ஹுவேயின் பெயர் எதற்கு? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

சூப்போடு தனித் தட்டில் வருவதையும் சொல்ல வேண்டும். வாழைப்பூவை மெல்லிசாகச் சீவி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டு, பச்சையாகவே தருவார்கள். சூடான சூப்பில் அந்த லேசான துவர்ப்பு அவ்வளவு பொருத்தம்! நாம் ஏன் வாழைப்பூவைப் பச்சையாகத் தொடுவதே இல்லை என்று தோன்றியது.

சைவ நண்பர்கள் கோபிக்க வேண்டாம். ஹுவே பௌத்த மடங்கள் நிறைந்த ஊர், இறைச்சியே இல்லாத புன் போவும் அங்கே கிடைக்கும். சைவம் என்று பெயரிலேயே சொல்லித்தான் விற்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் அடுத்த முறை ஆர்டர் செய்வதற்கு முன், மாம் ருவோக் போடுவீர்களா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.