பத்து வருஷம் குதிரை போனா பொது வழி ஆயிடாது

மேல ஒரு அண்ணன் "சவுத் ஆப்பிரிக்காவோட மிட்லண்ட்ஸ் பக்கம் அந்தப் பண்ணை வழியா பத்து வருஷமா குதிரை ஓட்டுறோம், அது பொது வழி ஆயிடுச்சு, ஓனர் இனிமே கேட்டைப் பூட்ட முடியாது"ன்னு போட்டிருக்காரு, அதுக்கு இவ்வளவு லைக் வேற. அண்ணே, அப்படி இல்லண்ணே.

சவுத் ஆப்பிரிக்கால 1969 பிரிஸ்கிரிப்ஷன் ஆக்ட் (நீண்ட காலப் பயன்பாட்டால உரிமை வர்றதைப் பத்தின சட்டம்) படி வழி உரிமை தானா வரணும்னா விடாம 30 வருஷம், அதுவும் வெளிப்படையா, உரிமை இருக்குறவங்க மாதிரியே பயன்படுத்தியிருக்கணும். ஓனர்கிட்ட கேட்டு அவரு சரி போங்கன்னு விட்டதாலதான் போறீங்கன்னா அந்த வருஷம் எதுவும் கணக்குலயே வராது, 40 வருஷம் ஆனாலும் சரி.

பாதை நிலைக்கணும்னா ஓனர் சம்மதத்தோட செர்விட்யூட் (அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்துற உரிமை) எழுதி டீட்ஸ் ஆபீஸ்ல, அதாவது நிலப் பத்திரம் பதியுற ஆபீஸ்ல, நம்ம குவாசுலு-நேட்டாலுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல, பதிவு பண்ணணும். பக்கத்து நிலத்தோட சேர்த்துப் பதிஞ்சா பண்ணை கை மாறினாலும் நிக்கும், ஆளு பேருக்குப் பதிஞ்சா அந்த ஆளோட சரி.

இன்னொண்ணு, எல்லை ஓரமா புல்லு வெட்டி வச்சிருக்குற பட்டையும் ட்ரெயில், அதாவது குதிரை போற பாதைதான்னு சொல்றீங்க, அது பெரும்பாலும் ஃபயர்பிரேக் (தீ பரவாம தடுக்குற வெற்றுப் பட்டை), தீ வரக்கூடிய இடத்துல அதை வச்சிருக்கணும்னு 1998 காட்டுத்தீ சட்டமே ஓனருக்குச் சொல்லுது. கோடை மழை விட்ட உடனே அதுல குதிரைய விரட்டினா குளம்பு பட்ட பள்ளத்துல தண்ணி ஓடி மண்ணை அரிச்சிட்டுப் போயிடும், அப்புறம் அந்த மனுஷன் கேட்டைப் பூட்டாம என்ன செய்வாரு? சரிவுல குறுக்க சின்ன மண் வரப்பு போட்டு தண்ணிய ஓரமா வடிச்சு விடுங்க, அதையும் அவரைக் கேட்டுட்டு.