ஆளுங்கட்சி வெல்லாத பிரதேச சபைக்கு நிதி வராதா?

“ஆளுங்கட்சி வெல்லாத பிரதேச சபைக்கு ஒரு சதமும் வராது, ஊர் வீதி அப்படியே கிடக்கும்” என்ற செய்தி கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது பொய்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைக்கெனத் தனி வருமானம் தந்திருக்கிறது: ஆதனவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தை வருமானம். அப்பகுதிக் காணி விற்பனையின் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் சபைக்கே சேரவேண்டியவை. யார் வென்றாலும் இவை மாறா. பெருந்திட்டங்களுக்கு அரசின் பணம் வேண்டும் என்பது உண்மை. சொந்த வருமானம் குறைந்த வன்னிச் சபைகளுக்கு அது கூடுதலாகவே தேவை. அந்தப் பலவீனத்தைக் காட்டி ஏழைச் சனத்தை வெருட்டுவது அநியாயம்.

ஏ-9 வீதியும் இரணைமடுக் குளமும் சபையின் பொறுப்பே அல்ல. உள்ளூர்க் கிரவல் வீதி, தெருவிளக்கு, வடிகால், நூலகம், மயானம் ஆகியவைதான் அதன் வேலை. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரை செயலாளர்களே அவற்றை நடத்தினார்கள். எந்த ஒழுங்கைக்கு முதலில் கிரவல் என்று கேட்க வட்டார உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.

உங்கள் சபையின் வரவு செலவை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம்.