சோளம் கப்பலேறியது, சுண்ணாம்பு கரையிலேயே நின்றுவிட்டது

அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பயிர்கள் என்றால் உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் என்று அடுக்கிவிட்டுக் கடந்துவிடுகிறோம். மக்காச்சோளத்தின் கதையை அப்படி ஒரு வரியில் முடிப்பது பெரிய அநியாயம். பயிரைக் கொண்டுபோனவர்கள் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனதால் தலைமுறை தலைமுறையாக ஏழைகள் செத்திருக்கிறார்கள்.

1493-இல் கொலம்பஸ் திரும்பியபோதே விதை ஸ்பெயினுக்கு வந்துவிட்டது. விளைச்சல் அமோகம். 18-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் லொம்பார்டி, வெனெட்டோ பகுதிக் குடியானவர்கள் விளைந்த கோதுமையை நிலக்காரருக்கு அளந்துவிட்டு, வேளாவேளைக்கு பொலெண்டா என்ற மக்காச்சோளக் களியைத்தான் தின்றார்கள்.

ஸ்பெயினின் அஸ்துரியாஸில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-இல் ஒரு நோயைக் குறித்துவைத்தார். வெயில் படுகிற தோல் சிவந்து, தடித்து, கறுத்து உரியும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல் ஒரு பட்டை. அடுத்து வயிற்றுப்போக்கு, புத்தி பேதலிப்பு, சாவு. 1771-இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ஃப்ராபொல்லி அதை 'பெலாக்ரா' என்று எழுதினார். சொரசொரத்த தோல் என்று பொருள்.

இதே தானியத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தின்ற மெக்சிகோவில் ஏன் இப்படி ஆகவில்லை? அவர்கள் அடுப்பைப் பாருங்கள். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளம், மூன்று லிட்டர் தண்ணீர், 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பு (உணவுக்குரியது). முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, இறக்கி, இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் கையில் எடுத்துத் தேய்த்தால் தோல் வழுவழுவென்று கழன்று வரும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி அரைத்தால் மாவு ஒட்டிக்கொண்டு உருளும், ரொட்டி தட்டலாம். வெறும் மக்காச்சோள மாவில் தட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் விண்டுபோகும். சுண்ணாம்பு கூடினாலோ அலசல் குறைந்தாலோ கசக்கும். அதிகம் வெந்தால் பசையாகிவிடும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும்.

சத்து விஷயமும் இந்தப் பானைக்குள்தான் இருக்கிறது. பெலாக்ரா, நியாசின் என்ற வைட்டமின் (பி3) போதாமல் வருகிற நோய். மக்காச்சோளத்தில் நியாசின் உண்டு. ஆனால் பெரும்பகுதி நாரோடு பிணைந்து கிடப்பதால் நம் குடலால் பிரித்தெடுக்க முடியாது. சுண்ணாம்பின் காரத்தன்மைதான் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. நியாசினை உடம்பே செய்துகொள்ளத் தேவையான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமும் இந்தத் தானியத்தில் குறைவு. அதை ஈடுகட்ட மெக்சிகோக்காரர்கள் கூடவே பீன்ஸ் தின்றார்கள். ஐரோப்பாவிலோ ஆலையில் உலர்மாவாக அரைப்பது சுலபம், சுண்ணாம்பு வேலை அநாவசியம் என்று பட்டிருக்க வேண்டும்.

பெலாக்ராவுக்குக் கெட்டுப்போன மக்காச்சோளம்தான் காரணம் என்று 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ அடித்துச் சொன்னார். பரம்பரை நோய் என்றவர்களும் உண்டு. நியாசின்தான் மருந்து என்பதற்கான தடயம் 1937-இல்தான், அமெரிக்காவில் உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வேஜெம் ஆய்வில் கிடைத்தது. இத்தனைக்கும் விடை முதலிலிருந்தே கண்முன்னால் இருந்தது. நிலக்காரர் வீட்டிலும் அதே பொலெண்டாதான். அங்கே தட்டில் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் சேர்ந்திருந்தன, யாருக்கும் தோல் உரியவில்லை.