ஒட்டுக் கேட்கவும் நீதிபதியின் அனுமதி வேண்டும்

மலேசியாவில் பயங்கரவாதத்தை ஒடுக்க உளவுக் கண்காணிப்பு தேவை என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அந்தக் கருத்தை ஏற்கிறேன். 2016-இல் பூச்சோங் கேளிக்கை மையத்தில் கையெறிகுண்டு வெடித்து 8 பேர் காயமடைந்ததை மறக்க முடியுமா? ஆனால் ஒட்டுக் கேட்க அனுமதி தருவது யார்? சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் 6-ஆவது பிரிவில் அரசு வழக்கறிஞர் தலையசைத்தாலே போதும். அவசரமென்றால் போலீஸ் அதிகாரியே தொடங்கிவிடலாம். நீதிபதிக்கு அங்கே வேலையே இல்லை!

2019-இல் இதே சொஸ்மாவின் கீழ், விடுதலைப்புலிகளோடு தொடர்பு என்று சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 பேரைக் கைது செய்தார்கள். கைப்பேசியில் பிரபாகரன் படம் வைத்திருப்பது குற்றமாகாது என்று சொல்லி, 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவரே வழக்கைக் கைவிட்டார். அதற்குள் அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமா? கோலாலம்பூரின் செந்தூலில் எனக்குத் தெரிந்தவர்கள் பயந்துபோய் வாட்ஸ்அப் முகப்புப் படத்தை மாற்றினார்கள். குற்றமே செய்யாதவர்களை இப்படி நடுங்க வைத்துவிட்டால், போலீசுக்குத் துப்புக் கொடுக்க யார் முன்வருவார்கள்?